தண்ணீரைப் புதைக்கும் ஊர்

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காடு, இந்தப் பக்கம் ஒரு காடு. அந்தப் பக்கத்துக் காட்டில் ஆறு ஓடியது. ஆற்றைப் பற்றிப் பாட எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நமக்கு அது வேண்டாம். நம் கதை இந்தப் பக்கத்துக் காட்டில் நடந்தது. குழந்தைகளே, காடு என்றதும் பச்சைப்பசேல் என்று நினைத்துவிடாதீர்கள். வேலமரமும் கள்ளியும் சூரைமுள்ளும்தான் அங்கே உண்டு. மழை எப்போதாவது எட்டிப் பார்க்கும், வந்த வேகத்தில் திரும்பி ஓடிவிடும்.

அந்தக் காட்டின் நடுவில் ஓர் ஓடை இருந்தது. பெயர்தான் ஓடை, கோடையில் வெறும் மணல். ஆனால் அந்த மணலுக்கு அடியில் ஒரே ஓர் இடத்தில் ஊற்று இருந்தது. முன்னங்காலால் பறித்தால் தண்ணீர் மெல்லக் கசிந்து வந்து குழியில் நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் காட்டில் உள்ள எல்லாரும் அங்கே கூடி வரிசையாகக் குடிப்பார்கள்.

குடித்து முடித்ததும் மணலைத் தள்ளிக் குழியை மூடிவிடுவார்கள். மூடிய இடத்தின் மேல் நொச்சித் தழையை ஒடித்துப் போட்டுப் பரப்புவார்கள். வெயில் பட்டால் தண்ணீர் வற்றிவிடும், அதற்காக மணல். தண்ணீரின் மணம் காற்றில் போனால் எங்கெங்கோ இருக்கிற பெரிய கூட்டமெல்லாம் மோப்பம் பிடித்து வந்துவிடும், அதற்காக நொச்சி. நொச்சியின் நெடிக்கு முன்னால் வேறு எந்த மணமும் எடுபடாது.

பெரிய கூட்டம் வந்தால் என்ன, கொஞ்சம் குடித்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பீர்கள். ஊற்றுக்கு அடியில் தட்டுபோல ஒரு களிமண் படுகை, அவ்வளவுதான். அதுதான் தண்ணீரைத் தாங்கி வைத்திருந்தது. கனத்த குளம்பு ஒன்று அழுத்தி மிதித்தால் போதும், படுகை உடைந்து தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விடும். அந்தக் காட்டின் கடமான்கூட ஓரமாக முழங்காலை மடித்து உட்கார்ந்துதான் குடிப்பார்.

இந்தக் காட்டில் சிலுப்பி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். கோபக்காரி. யாராவது தழை போடாமல் போனால் முதுகு முள் அத்தனையும் சிலிர்த்துக்கொள்ளும். "ஏய், திரும்பி வா! குடிக்கத் தெரிஞ்ச வாய்க்கு மூடத் தெரியாதா?" என்று பாய்வாள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய வளையில் இரண்டு குட்டிகள் இருந்தன. முள் இன்னும் முடியாகவே இருக்கும் பச்சைக் குட்டிகள். மலையேறி இறங்கி ஆற்றுக்குப் போக அவற்றின் காலால் முடியாது. கோடை முடியும்வரை ஊற்று இருந்தால் குட்டிகள் இருக்கும். ஊற்று போனால் குட்டிகளும் போய்விடும். சிலுப்பிக்கு இதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

கோடை தொடங்கிய சமயத்தில் மலையிலிருந்து ஒரு மைனா இறங்கி வந்தான். கன்னங்கரேல் என்ற உடம்பு, கழுத்தோரம் மஞ்சள் தொங்கட்டான். பெயர் கார்முகிலன்.

"ஊர் ஊராப் போயிப் பார்த்து, பார்த்த ஊரைப் பத்தி வேடிக்கையாப் பாட்டுக் கட்டுறதுதான் நம்ம வேலை" என்று அவனே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான்.

கடமான் கொம்பையா அந்தக் காட்டுக்குப் பெரியவர். விருந்தாளி என்ற சொல்லைக் கேட்டாலே உருகிப்போகிறவர். "நம்ம ஊரையும் பார்க்கணும்னு ஒருத்தர் வந்திருக்காரே!" என்று கண் கலங்கினார். சப்பாத்திக்கள்ளிப் பழமும் சூரைப்பழமும் கொண்டுவரச் சொன்னார். ஊற்றைத் திறந்து, "முதல் வாய் உங்களுக்குத்தான் கவிராயரே" என்று வழிவிட்டார்.

கார்முகிலன் குடித்தான். குடித்தது போதாதென்று குழிக்குள் இறங்கி இறக்கையை அடித்துக் குளித்தான்.

"குடிக்கிற தண்ணியில குளிக்கிறான், எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று சிலுப்பி கத்தினாள்.

"மலைக்காரரு, நம்ம பழக்கம் தெரியாது. விடும்மா" என்றார் கொம்பையா.

அவன் சில நாள் அங்கேயே தங்கினான். நன்றாகச் சாப்பிட்டான். எதைப் பார்த்தாலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. மரத்தில் இலை இல்லாததும் சிரிப்பு, மணலில் எல்லாரும் வரிசையில் நிற்பதும் சிரிப்பு. குடித்த பிறகு குழியை மூடித் தழை போட்டதைப் பார்த்தபோது கிளையிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். ஏன் மூடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. கேட்டால் சிரிப்புப் போய்விடுமே!

ஒரு நாள் சாயங்காலம், எல்லாரும் குடித்துவிட்டு நின்றபோது, வேலமரக் கிளையில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினான்:

"உப்பில் புதைத்தால் ஊறுகாய் — அட
உயிர்போய்ப் புதைத்தால் கல்லறை;
தப்பே செய்யாத தண்ணீரை — இங்கே
தழைபோட்டுப் புதைப்பார், இதென்ன முறை!

வெள்ளைப் பாறையின் கிழக்காலே — மூணு
வேல மரத்தின் நிழல்கீழே
அள்ளி நொச்சித் தழைபோட்டு — தினம்
அழுதுவிட்டு வருவார் அதன்மேலே!

ஊசிக் கடையை முதுகில் சுமந்து — ஒருத்தி
உறுமிக்கொண்டே வருவாளாம்;
வீசும் காற்று குடித்துவிடும் என்று — தன்
மூச்சையும் பூட்டி வைப்பாளாம்!"

குரல் தேனாக இருந்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. காடே கைகொட்டாத குறையாகச் சிரித்தது. கௌதாரிகள் உருண்டு உருண்டு சிரித்தன. துள்ளப்பன் என்ற முயல் முன்னால் ஓடிவந்து, "அண்ணே, என்னையும் ஒரு அடியில சேர்த்துக்கங்கண்ணே! என் காதைப் பத்தி எதாவது சொல்லுங்கண்ணே!" என்று கெஞ்சினான். கொம்பையாவும் கொம்பை ஆட்டி ஆட்டி ரசித்தார். தங்களைப் பற்றி ஒருவன் பாடிவிட்டான் என்பதே அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. பாட்டு கேலியா புகழ்ச்சியா என்று யாரும் பார்க்கவில்லை.

சிலுப்பிக்கு மட்டும் உடம்பு எரிந்தது. தன்னை ஊசிக்கடை என்றதற்காக அல்ல. அவள் பாட்டின் இரண்டாவது பகுதியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். வெள்ளைப் பாறை. கிழக்கு. மூன்று வேலமரம். மணலைப் போட்டு, தழையைப் போட்டு, மணத்தைக்கூட வெளியே விடாமல் மறைத்த இடத்தை இவன் எத்தனை அழகாகச் சொல்லிவிட்டான்! குருடன்கூட இந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவான்.

மறுநாள் காலையில் கார்முகிலன் புறப்படத் தயாராகி இறகைக் கோதிக்கொண்டிருந்தான். சிலுப்பி மரத்தடியில் போய் நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தாயி. இன்னொரு பாட்டு வேணுமா?"

"வேணாம். பாடுனதுலயே கொஞ்சம் எடுக்கணும். என்னை ஊசிக்கடைன்னு பாடு, சாணிக்கூடைன்னு பாடு, எனக்குக் கவலை இல்ல. அந்த வெள்ளைப் பாறையையும் வேலமரத்தையும் மட்டும் எடுத்துடு. இடத்தைச் சொல்லாதே."

கார்முகிலன் திடுக்கிட்டுப் போனான். "ஐயையோ! வெள்ளைப் பாறையை எடுத்துட்டா அள்ளிங்கிறது எப்படித் தாயி நிக்கும்? எதுகையே போச்சே! அந்தப் பாட்டுல உசுரே அதுதான்!"

"என் வளையில ரெண்டு உசுரு இருக்கு. இந்தத் தண்ணி போச்சுன்னா அதுங்க செத்துடும். உன் எதுகை பெரிசா, அதுங்க பெரிசா?"

"எதுக்குத் தாயி இவ்வளவு கோபம்? சும்மா விளையாட்டுக்குப் பாடுனது. கேட்டுச் சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. உங்களுக்கு ரசிக்கத் தெரியல, அதான்."

"விளையாடணும்னா உன் மலையைப் பத்தி விளையாடு! உன் கூட்டை வச்சு விளையாடு! எங்க தண்ணி மேல ஏறி விளையாட நீ யாரு?"

சிலுப்பியின் முள் சிலிர்த்து நின்றது. சத்தம் கேட்டுக் கொம்பையா ஓடிவந்தார்.

"என்னம்மா இது, ஊருக்குப் புறப்படுறவர்கிட்ட போயி! கவிராயரே, நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அவ சுபாவம் அப்படி."

"பார்த்தீங்களா பெரியவரே, பாட்டைக் குறை சொல்றாங்க" என்று கார்முகிலன் முகத்தைத் தொங்கப்போட்டான். கொம்பையா அவனுக்கு வழிக்கு வேண்டிய பழத்தைக் கொடுத்து, காட்டின் எல்லை வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். சிலுப்பியோடு அன்று முழுவதும் யாரும் பேசவில்லை. குற்றவாளி அவள்தான் என்பதுபோல நடந்துகொண்டார்கள். கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது அல்லவா? அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

மைனா போய்விட்டான், பாட்டு போகவில்லை. தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதை முணுமுணுத்தார்கள். குழியை மூடும்போது "தண்ணீரைப் புதைக்கிறோம் வாங்க" என்று துள்ளப்பன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கக் கை தளர்ந்தது. மணல் அரைகுறையாக விழுந்தது. தழை போடாமலே சிலர் நழுவினார்கள்.

ஒருநாள் துள்ளப்பன் ஒரே ஒரு நொச்சிக் கொத்தைப் போட்டுவிட்டு நடந்தான். சிலுப்பி குறுக்கே போய் மறித்தாள்.

"மிச்சத் தழை எங்கடா?"

"போதும்க்கா. இத்தனை தழையைப் போட்டா நம்மளைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா?"

"யாருடா சிரிக்கிறா? சிரிச்சவன் ஆத்தங்கரையில உக்காந்திருக்கான். இங்க நீயும் நானும்தான் இருக்கோம். இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான்டா உன் வாய் அந்தப் பாட்டைப் பாடுது!"

துள்ளப்பன் காதை மடக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அதன் பிறகு சிலுப்பியே தினமும் எல்லாரும் போன பின்னால் தனியாக இருந்து மூடினாள். நொச்சியைக் கடித்துக் கடித்து இழுத்து வந்து குவித்தாள். திட்டிக்கொண்டே குவித்தாள்.

கோடை உச்சிக்கு வந்தது. ஊற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆளுக்கு இரண்டு வாய் என்று குடித்தார்கள். சிலுப்பி வாயில் வாங்கிக்கொண்டு போய்க் குட்டிகளுக்கு ஊட்டினாள். ஒரு மழை வரும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று அவள் வானத்தைப் பார்ப்பதும் தழையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அன்று பிற்பகல் அவள் நொச்சிப் புதரில் கிளையைக் கடித்துக்கொண்டிருந்தாள். மலைச்சரிவிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு குரல் அல்ல, இருபது முப்பது தடித்த குரல்கள் சேர்ந்து பாடின.

"வெள்ளைப் பாறையின் கிழக்காலே... மூணு வேல மரத்தின் நிழல்கீழே..."

சிலுப்பியின் வாயிலிருந்த கிளை விழுந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு காட்டெருமைக் கூட்டம் ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்த பெரிய எருமையின் முதுகில், திமிலுக்குப் பக்கத்தில், கார்முகிலன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

சிலுப்பி விழுந்தடித்து ஊற்றுக்கு ஓடினாள். கொம்பையா, துள்ளப்பன் எல்லாரும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள்.

"வி... விருந்தாளிங்க..." என்று கொம்பையா ஆரம்பித்தார்.

"பெரியவரே, இப்ப வாயைத் திறந்தீங்கன்னா உங்க மூக்குல என் முள்ளுதான் நிக்கும்" என்றாள் சிலுப்பி பல்லைக் கடித்துக்கொண்டு. கொம்பையா வாயை மூடிக்கொண்டார்.

கூட்டம் வெள்ளைப் பாறையைத் தாண்டி வந்து நின்றது. கார்முகிலன் மேலேயிருந்து கூவினான்: "பார்த்தீங்களா! உங்க ஊரு பேரு மலை முழுக்கப் பரவிடுச்சு! நம்ம பாட்டைக் கேட்டுட்டு நேர்ல பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். கூட்டிக்கிட்டு வந்துட்டேன்!"

கூட்டத்தலைவன் பாறையன் சிரித்தான். "எங்கப்பா அந்தப் புதைச்ச தண்ணி? ஆத்துத் தண்ணி குடிச்சுக் குடிச்சு அலுத்துப்போச்சு. பாட்டுல வந்த தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பார்ப்போமேன்னு வந்தோம். அட, ஊசிக்கடை இதுதானா!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. கன்றுக்குட்டிகள் கழுத்தை நீட்டிச் சிலுப்பியை வேடிக்கை பார்த்தன.

தாகமும் இல்லாமல் வந்திருக்கிறார்கள்! ஆறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, வேடிக்கைக்காக வந்திருக்கிறார்கள்! சிலுப்பிக்குக் கண் இருண்டது. பின்பக்கமாகப் பாய்ந்து அந்தச் சிரிக்கிற முகத்தில் முள்ளைச் செருகிவிடலாம் போலிருந்தது. செருகினால் ஒரு மூக்கு கிழியும். மற்ற எருமைகள் மிரண்டு நாலாபக்கமும் ஓடும். ஓடுகிற குளம்புக்குக் கீழே ஊற்று என்னாகும்? அவள் கோபத்தை விழுங்கவில்லை. விழுங்கினால் செத்துவிடுவாள் போலிருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு முள்ளைத் தாழ்த்தினாள்.

"தண்ணியா? எந்தத் தண்ணிங்கய்யா?" என்று கேட்டாள்.

"அதோ, தழைக்குக் கீழ இருக்கே, அதுதான். நம்ம கவிராயர் பாடினாரே."

"அவரு வேடிக்கைக்குப் பாடுறவராச்சே. ஏங்க கவிராயரே, நீங்களே சொல்லுங்க. அந்தப் பாட்டு நிசமா, விளையாட்டுக்குப் பாடினதா?"

தன்னைப் பற்றிப் பேச்சு வந்ததும் கார்முகிலனுக்கு மார்பு விரிந்தது. "சும்மா விளையாட்டுக்குத்தான் தாயி! நமக்கு விளையாட்டுதானே பெருமை! அன்னைக்கே சொன்னேனே!"

"கேட்டுக்கிட்டீங்களாய்யா? உலகத்துல யாராவது தண்ணியைப் புதைப்பாங்களா?"

பாறையன் யோசித்தான். "அதானே! நாங்களும் வழியெல்லாம் அதைச் சொல்லித்தான் சிரிச்சுக்கிட்டு வந்தோம்."

"இங்க நாங்க புதைச்சிருக்கிறது தண்ணி இல்லய்யா. பொணம். அடைப்பான் நோய் கண்டு செத்துப்போன எருமை ஒண்ணு. பொணத்தைப் புதைச்சாங்கன்னு பாடினா யாரு சிரிப்பா? அதான் கவிராயர் தண்ணின்னு மாத்திப் பாடிட்டாரு. நாத்தம் வெளிய வரக்கூடாதுன்னுதான் இத்தனை நொச்சி. முகர்ந்து பாருங்க. தினம் அழுதுட்டு வர்றோம்னு அவரு வாயாலயே பாடியிருக்காரே. தண்ணி மேல உக்காந்து யாராவது அழுவாங்களா?"

அடைப்பான் என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. மாட்டுச் சாதிக்கு அந்த நோயைவிடப் பெரிய பயம் கிடையாது. தாய் எருமைகள் கன்றுகளைப் பின்னால் தள்ளின.

"பொய்!" என்று கார்முகிலன் அலறினான். "சத்தியமாத் தண்ணிதான்! நானே குடிச்சேன்! உள்ள இறங்கிக் குளிச்சேன்!"

பாறையன் கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்தான். "குளிச்சியா? இதுக்குள்ளயா? குளிச்ச உடம்போடவா இத்தனை தூரம் என் முதுகுல உக்காந்து வந்த?" அவன் உடம்பை உதறிய உதறலில் கார்முகிலன் தூரப் போய் மணலில் விழுந்தான்.

"தோண்டிப் பாருங்க! அப்பத் தெரியும்!"

"தோண்டித்தான் பார்ப்போமே" என்று ஓர் இளம் எருமை முன்னால் வந்தான். அவன் குளம்பு தழையின் ஓரத்தில் படிந்தது. சருகு நொறுங்கியது. இன்னும் ஓர் அடி வைத்தால் படுகை உடைந்துவிடும். சொல்ல வேண்டியதையெல்லாம் சிலுப்பி சொல்லியாயிற்று.

அப்போது துள்ளப்பன் ஓவென்று அழுதான். அவன் நடிக்கவில்லை. பயத்தில் காது, கால், வால் எல்லாம் நடுங்கின. "வேணாம்ண்ணே! மிதிக்காதீங்கண்ணே! நாங்க எல்லாரும் செத்துப்போயிடுவோம்ண்ணே!" என்று மணலில் விழுந்து கதறினான். கொம்பையாவும் முழங்காலை மடித்து ஊற்றின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான்தான் பாவி, நான்தான் இதை இழுத்துவிட்டேன்" என்று கண்ணீர் விட்டு அழுதார். அதுவும் நடிப்பில்லை. கௌதாரிகளும் சேர்ந்து அழுதன.

இளம் எருமை குளம்பைச் சுட்டதுபோல எடுத்துக்கொண்டான்.

பாறையன் கார்முகிலனைப் பார்த்து முழங்கினான். "விளையாட்டுக்கும் ஒரு அளவு இல்லையாடா? கைக்குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கோம்டா! உன் பாட்டை நம்பி வாய் வச்சிருந்தா எங்க வம்சமே போயிருக்குமே! இனிமே மலையில உன் குரல் கேட்டுச்சுன்னா நீ உக்கார்ற மரத்தையே சாய்ச்சுடுவேன்."

"நான் சொல்றது நிசம்... இப்ப நான் விளையாடல... நிசம்..." என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டம் வந்த வழியே வேகமாக மலையேறிப் போய்விட்டது.

புழுதி அடங்கிய பிறகு கார்முகிலன் தத்தித் தத்தி வந்தான். வெயிலில் வந்ததும் கத்தியதுமாக அவன் தொண்டை காய்ந்து போயிருந்தது.

"என்னைப் பொய்யன் ஆக்கிட்டீங்களே தாயி. இனி மலையில யாரு என் பாட்டைக் கேப்பா? எனக்கு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான்."

"எனக்கு இருக்கிறது இந்தத் தண்ணி ஒண்ணுதான். அதை உன்கிட்டச் சொன்னேன். நீ எனக்கு ரசிக்கத் தெரியலன்னு சொன்ன."

கார்முகிலன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு வாய் தண்ணியாவது கொடுங்க. போயிடுறேன்."

சிலுப்பி பதில் சொல்வதற்குள் பக்கத்தில் இருந்த வளையிலிருந்து குட்டிகள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. அவை குடிக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. "அம்மா, தண்ணி... அம்மா, தண்ணி..." என்று அவள் காலைச் சுற்றி முனகின. ஒரு குட்டி தழையை மூக்கால் தள்ளிப் பார்த்தது. சிலுப்பி அதை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க அழுவுது, திறம்மா" என்றார் கொம்பையா.

"திறக்க மாட்டேன். இவன் இங்க நிக்கிறவரைக்கும் திறக்க மாட்டேன்."

அவள் மைனாவைப் பார்த்துச் சொன்னாள்: "நீ முதல் தடவை வந்தப்ப முதல் வாய் உனக்குத்தான் கொடுத்தோம். எங்க கூட்டத்துல ஒருத்தனா நினைச்சுத்தான் உன் முன்னால குழியைத் திறந்தோம். இப்ப என் பிள்ளைங்க தாகத்துல அழுவுது. உன் கண்ணு இங்க இருக்கு, அதனால அதுங்களுக்கு நான் தண்ணி கொடுக்க முடியல. இதைப் பாட்டாப் பாடு. இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு தேடிப் பார்த்துப் பாடு. போ!"

கார்முகிலன் கொம்பையாவைப் பார்த்தான். கொம்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். துள்ளப்பனைப் பார்த்தான். துள்ளப்பன் மற்ற முயல்களோடு சேர்ந்து தழைக்கு முன்னால் வந்து மறைத்து நின்றான். குட்டிகள் இன்னும் அழுதுகொண்டிருந்தன. கார்முகிலன் இறக்கையை விரித்துப் பறந்தான்.

அவன் ஒரு புள்ளியாகி, அந்தப் புள்ளியும் மறையும்வரை சிலுப்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் தழையை விலக்கினாள். குட்டிகள் குடித்தன. குடித்து முடிக்கும்வரை அவளுடைய முள் தாழவே இல்லை.

நீதி: வந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தெரிவது வாழ்பவருக்கு உயிராக இருக்கும்; அதைக் கேட்டறியாமல் பாடிச் சிரிக்காதே.